ஓர் அங்குலத்துக்குள் எத்தனை மைல்?

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊரில் ஒரு வரப்புத் தகராறு நடந்தது. வழக்காடியவர்கள் இருவரும் பங்காளிகள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஆளுக்கொரு படத்தை விரித்தார்கள். மூத்தவரிடம் இருந்தது பழைய கிராம வரைபடம். இளையவரிடம் இருந்தது அதே படத்தின் நகல். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று நகலெடுக்கும் கடையில் பெரிதாக்கி வாங்கியிருந்தார். இரண்டின் ஓரத்திலும் ‘16 அங்குலம் = 1 மைல்’ என்ற வாசகம் இருந்தது. மூத்தவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். வயலின் கீழ்ப்புற வரப்பு சரியாக 1 அங்குலம். மைலுக்கு 5,280 அடி. அதை 16ஆல் வகுத்தால் 330 அடி. இளையவரும் அதே வரப்பைத் தம் படத்தில் அளந்தார். 1.4 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வந்தது. கணக்குப் போட்டால் 466 அடி! “என் 136 அடி எங்கே போயிற்று?” என்று அவர் எழுந்து நின்றபோது கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

வாசகர்களே, நீங்கள் இதற்குள் விடையைக் கண்டுபிடித்திருப்பீர்கள். நகல் இயந்திரம் படத்தைப் பெரிதாக்கியது; படத்தின் ஓரத்தில் இருந்த எழுத்துகளையும் பெரிதாக்கியது; ஆனால் அந்த எழுத்துகளின் பொருளைத் திருத்த அதற்குத் தெரியாது. 16 அங்குலம் ஒரு மைல் என்பது மூலப்படத்தில் உண்மை. நகலில் அது பொய். அங்கே ஒரு மைலுக்கு ஏறத்தாழ 22½ அங்குலம் ஆகிவிட்டது.

ஓர் அளவையில் வரைந்த படத்திலிருந்து வேறோர் அளவையில் வரைந்த படத்துக்கு நீளங்களைக் கொண்டுபோவது பள்ளிக் கணக்குத்தானே என்று தோன்றும். பள்ளிக் கணக்குதான். ஆயினும் இதற்காக மேதைகள் கருவிகள் செய்திருக்கிறார்கள், வழக்குமன்றம் ஏறியிருக்கிறார்கள், இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் பத்தாண்டுக்கு மேல் வாதாடியிருக்கிறார்கள்.

முதலில் நம் புவியியல் பாடத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். படத்தின் அளவையை மூன்று விதமாகக் குறிக்கலாம். ‘1 அங்குலம் = 1 மைல்’ என்று சொல்லால் எழுதுவது ஒன்று. 1:63,360 என்று பின்னமாக எழுதுவது மற்றொன்று. ஒரு மைலில் 63,360 அங்குலங்கள் இருப்பதால் வந்த எண் இது. இதைப் பிரதிபின்னம் என்கிறோம். மூன்றாவது, படத்தின் அடியில் ஒரு கோட்டை வரைந்து அதில் மைல்களையோ சங்கிலிகளையோ குறித்துவிடுவது. இந்த மூன்றாவதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். கட்டுரை முடிவதற்குள் அதற்கு வேலை வரும்.

பிரதிபின்னம் தெரிந்துவிட்டால் மாற்றும் விதி ஒரே வரியில் அடங்கும். பழைய படத்தின் பகுதி எண்ணைப் புதிய படத்தின் பகுதி எண்ணால் வகுத்து, வந்த ஈவால் பழைய நீளத்தைப் பெருக்க வேண்டும். 1:3,960 என்பது நம் கிராம வரைபடத்தின் ‘16 அங்குலம் = 1 மைல்’ அளவை. அதிலிருந்து ‘ஓர் அங்குலம் ஒரு மைல்’ படத்துக்குப் போனால் 3,960 ÷ 63,360, அதாவது பதினாறில் ஒரு பங்கு. கிராமப் படத்தில் 4 அங்குலம் ஓடும் வாய்க்கால் அங்கே கால் அங்குலமாகச் சுருங்கும்.

ஆனால் வகுத்தலும் பெருக்கலும் இன்று நமக்கு எளியவை. நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் ஒரு படைத்தலைவனிடம் பின்னத்தைக் கொடுத்து வகுக்கச் சொன்னால் அவன் திண்டாடிப் போவான். அவன் கையில் ஒரு கோட்டையின் வரைபடம் இருக்கிறது. அதைப் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ வரைந்து மன்னனுக்கு அனுப்ப வேண்டும். என்ன செய்வான்?

கலிலியோவின் கவராயம்

இங்கேதான் கலிலியோ வருகிறார். தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்புவதற்கு ஒரு பத்தாண்டுக்கும் முன்பே, இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியராக இருந்த காலத்தில், 1597 வாக்கில், அவர் ஒரு கருவியை உருவாக்கினார். இரண்டு பித்தளைச் சட்டங்கள்; ஒரு முனையில் கீல். கவராயம்போல விரிக்கலாம், மடக்கலாம். ஒவ்வொரு சட்டத்திலும் கீலிலிருந்து புறப்படும் கோடுகள், அவற்றில் எண்கள். அவர் இதை வடிவியல்-படைத்துறைக் கவராயம் என்று அழைத்தார்.

இந்தக் கருவி படத்தின் அளவையை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். பழைய படத்தில் ஒரு சுவரின் நீளத்தைச் சாதாரணக் கவராயத்தால் எடுக்கிறீர்கள். அதை ஒரு சட்டத்தின் மேல், கீலிலிருந்து நெடுகப் பொருத்துகிறீர்கள். 60 என்ற எண்ணில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு சட்டத்தின் 60லிருந்து மறுசட்டத்தின் 60 வரை குறுக்காக உள்ள தூரத்தைக் கவராயத்தில் எடுங்கள். அதுவே புதிய படத்தில் சுவரின் நீளம். அடுத்த சுவர் 85 ஆனால் 85க்கும் 85க்கும் இடையே குறுக்குத் தூரம். அவ்வளவுதான்! சட்டங்களை எவ்வளவு விரித்து வைத்தீர்கள் என்பதே இரண்டு படங்களின் விகிதம். 100க்கும் 100க்கும் இடையிலுள்ள குறுக்குத் தூரம், நெடுக அளந்தால் 25 பிரிவு இருக்கும்படி விரித்தால், புதிய படம் கால் பங்கு. சமபக்க முக்கோணமாக விரித்தால் மாற்றமே இல்லை. வடிவொத்த முக்கோணங்களின் பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருக்கும் என்ற யூக்ளிடின் பழைய உண்மையைக் கலிலியோ பித்தளையில் அடித்து வைத்துவிட்டார். பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை. அங்குலம், விரல், முழம் என்ற கவலையும் இல்லை. எந்த ஊர் அளவாயிருந்தால் என்ன? கருவிக்குத் தெரிந்தது விகிதம் ஒன்றுதான்.

1599இல் மஸ்ஸோலேனி என்ற கைவினைஞரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு கலிலியோ இக்கருவிகளைச் செய்யச் சொல்லி விற்றார். கருவியை விற்றதைவிட அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்ததில்தான் வருமானம் அதிகம். ஆகவே 1606இல் விளக்க நூலை அச்சிட்டபோது 60 படிகள் மட்டுமே அச்சிட்டார். அதிலும் கருவியை எப்படிச் செய்வது என்பதற்குப் படம் போடவில்லை. எச்சரிக்கை நியாயமானதே. மறு ஆண்டே பால்தசாரே காப்ரா என்ற இளைஞர், அதே கருவியைத் தம் கண்டுபிடிப்பாகக் காட்டி இலத்தீனில் ஒரு நூலை வெளியிட்டார். கலிலியோ வழக்குத் தொடுத்தார், வென்றார். காப்ராவின் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டன. நடந்ததையெல்லாம் எழுதிக் கலிலியோ தனி நூலாகவும் வெளியிட்டார். இத்தனைக்கும், இதே குடும்பத்தைச் சேர்ந்த கருவி ஒன்றைப் பற்றித் தாமஸ் ஹூட் என்பவர் 1598இல் லண்டனில் நூல் எழுதியிருக்கிறார். ஒரே தேவை இருக்கும்போது ஒரே கருவி பல ஊர்களில் பிறப்பது வியப்பல்ல; ஆனால் கலிலியோவிடம் அன்று இதைச் சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கவராயத்தில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு கோடாக எடுத்து எடுத்து வைக்க வேண்டும். வளைந்து ஓடும் ஆற்றை அப்படி எப்படி வரைவது? இந்தக் குறையைத் தீர்த்தவர் ஜெர்மன் பாதிரியாரான கிறிஸ்டோப் ஷைனர். 1603இல் அவர் ஒரு கருவி செய்தார். நான்கு மரச்சட்டங்களை இணைகரமாகப் பூட்டி, ஒரு புள்ளியை மேசையில் நிலையாகக் குத்திவிட வேண்டும். ஒரு முனையில் உள்ள ஊசி பழைய படத்தின் கோட்டின்மேல் ஊர்ந்து போகும்; மற்றோர் இடத்தில் பொருத்திய பென்சில் தானாகவே புதிய படத்தை வரைந்துகொண்டு போகும். நிலைப்புள்ளி, பென்சில், ஊசி மூன்றும் எப்போதும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நிலைப்புள்ளியிலிருந்து அவற்றின் தூரங்களின் விகிதம் மாறவே மாறாது. பான்டோகிராப் என்று இதற்குப் பெயர். ஷைனரின் நூல் 1631இல்தான் ரோமில் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் சூரியப் புள்ளிகளை முதலில் கண்டது யார் என்பதில் ஷைனருக்கும் கலிலியோவுக்கும் பெரும் பகை மூண்டுவிட்டது. படங்களின் அளவையை மாற்ற உலகுக்குச் சிறந்த இரு கருவிகளைத் தந்தவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத எதிரிகளாக முடிந்தார்கள்!

86,400 என்ற விந்தை எண்

அடுத்த நூற்றாண்டில் பிரான்சில் கசீனி குடும்பத்தார் நாடு முழுவதையும் ஒரே அளவையில் படம் வரையத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 180 தாள்கள் கொண்ட அந்தப் படத்தின் அளவை 1:86,400. இந்த எண்ணைக் கண்டதும் ஒரு நாளில் உள்ள விநாடிகள் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்றைய பிரெஞ்சு நில அளவு ‘துவாஸ்’. நம் ஆறு அடிக்குச் சற்றே கூடுதல். ஒரு துவாசுக்கு 6 அடி, அடிக்கு 12 அங்குலம், அங்குலத்துக்கு 12 ‘லீன்யு’. ஆக ஒரு துவாசில் 864 லீன்யு. படத்தில் ஒரு லீன்யு, தரையில் 100 துவாஸ். அவர்களுக்கு அது அழகான முழு எண், நமக்கு 86,400.

பிரெஞ்சுப் புரட்சி மன்னரை மட்டும் நீக்கவில்லை, துவாசையும் நீக்கிவிட்டது. மீட்டர் வந்தது. அதே படத்தில் இப்போது 1 சென்டிமீட்டர் என்பது 864 மீட்டர். படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. ஆனால் முழு எண்ணாக இருந்தது முரட்டு எண்ணாகிவிட்டது. 1802இல் பாரிசில் கூடிய ஒரு குழு, இனி 1:10,000, 1:20,000, 1:50,000, 1:100,000 என்ற பத்தின் வழிப்பட்ட அளவைகளே நல்லவை என்று கூறியது. (அதே 1802 ஏப்ரலில்தான் நம் பரங்கிமலை அருகே லாம்டன் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார்.) பின்னர் பிரெஞ்சு இராணுவம் வெளியிட்ட பெரும்படம் 1:80,000 அளவையில் அமைந்தது. கசீனி படத்தில் உள்ள நீளத்தை 1.08ஆல் பெருக்கினால் இதற்கு வந்துவிடலாம்.

ஆங்கிலேயர் அங்குலத்தையும் மைலையும் விடவில்லை. அவர்களுடைய சண்டை வேறு. ‘ஓர் அங்குலம் ஒரு மைல்’ என்ற அளவையில் கென்ட் மாவட்டப் படத்தை 1801இல் வெளியிட்டுத் தொடங்கினார்கள். அயர்லாந்தில் வரி விதிப்புக்காக, மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவையில் அளந்தார்கள். பிறகு இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எந்த அளவை என்ற கேள்வி எழுந்தது. 1850களில் நடந்த இந்த விவாதத்துக்கு ‘அளவைகளின் போர்’ என்றே வரலாற்றில் பெயர் நிலைத்துவிட்டது. 6 அங்குலம் வீண்செலவு, 1 அங்குலமே போதும் என்று 1851இல் ஒரு நாடாளுமன்றக் குழு சொன்னது. போதாது, 1:2,500 வேண்டும் என்று வேறு சிலர் சொன்னார்கள். கருவூலத்தின் உயர் அதிகாரியான சார்லஸ் டிரெவெல்யன் 1853இல் பலருக்கும் எழுதிக் கருத்துக் கேட்டார். பின்னர் 1859இல் சென்னை மாகாணக் கவர்னராக வந்தவர் இவர்தான்.

1:2,500 என்றால் மைலுக்கு 25.344 அங்குலம். அங்குலமும் மைலுமாகப் பேசியவர்கள் இந்தக் கோணல் எண்ணை ஏன் ஏற்க வேண்டும்? அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அந்தப் படத்தில் ஒரு சதுர அங்குலம், தரையில் 62,50,000 சதுர அங்குலம். ஒரு ஏக்கர் என்பது 62,72,640 சதுர அங்குலம். வேறுபாடு ஆயிரத்துக்கு நான்கைவிடக் குறைவு! அதாவது படத்தில் ஒரு சதுர அங்குலத்தைக் கண்டால் அது ஓர் ஏக்கர் என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடலாம். மெட்ரிக் நாட்டாருக்கும் பிடித்த முழு எண். ஆங்கிலேய நிலக்கிழாருக்கும் வசதியான எண்.

இன்னொரு வாதம் பேனா முனையைப் பற்றியது. நுண்ணிய பேனாவால் இழுத்த கோடும் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு தடிமன் இருக்கும் என்று கொள்வோம். ‘ஓர் அங்குலம் ஒரு மைல்’ படத்தில் அந்தக் கோடே 52 அடிக்கு மேல் நிலத்தை மூடிவிடும். 1:2,500இல் அது 25 அங்குலம்தான். பெரிய அளவையில் வரைந்ததைச் சுருக்கலாம். பிழையும் சேர்ந்து சுருங்கும். சிறிய அளவையில் வரைந்ததைப் பெரிதாக்கினாலோ பிழையும் சேர்ந்து பெரிதாகும். எனவே ஒருமுறை பெரிதாக அளந்துவிட்டு, வேண்டிய சிறு படங்களை அதிலிருந்தே சுருக்கிக்கொள்வதே சிக்கனம் என்றார்கள். அளவைத் துறைத் தலைவரான ஹென்றி ஜேம்ஸ் 1855இல் பான்டோகிராப்புக்குப் பதிலாகப் புகைப்படக் கருவியையே சுருக்குவதற்குப் பயன்படுத்தத் தொடங்கினார். 25 அங்குலப் படத்தின் நீளங்கள் 4.224இல் ஒரு பங்காகச் சுருங்கி 6 அங்குலப் படமாயின. அப்படியும் 1857இல் நாடாளுமன்றம் பெரிய அளவைக்கு எதிராக வாக்களித்தது. 1858இல் ஓர் அரசு ஆணையம் அதை ஆதரித்தது. 1863இல்தான் நாடு முழுவதற்கும் 1:2,500 என்று முடிவாயிற்று. மலைப்பகுதிகளுக்கும் தரிசுக்கும் மட்டும் 6 அங்குலம்.

நம் கிராமப் படங்களில் இருந்த 16 அங்குலம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை சங்கிலியில் இருக்கிறது. எட்மண்ட் கன்டர் 1620 வாக்கில் வகுத்த சங்கிலி 66 அடி நீளம், 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல். 16 அங்குலத்தில் 80 சங்கிலி என்றால் ஓர் அங்குலத்துக்கு 5 சங்கிலி. அளப்பவனுக்கு இதைவிட வசதி உண்டா? பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே படத்தில் ஒரு சதுர அங்குலம் இரண்டரை ஏக்கர். நம் ‘சென்ட்’ என்பதும் இந்தச் சங்கிலியோடு ஒட்டிப் பிறந்ததே: ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட்.

இங்கே எல்லாரும் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. கிராமப் படத்துக்கும் ‘ஓர் அங்குலம் ஒரு மைல்’ படத்துக்கும் நீளத்தில் 16 மடங்கு வேறுபாடு என்றேன். பரப்பில்? 16 அல்ல, 16 × 16 = 256. இரண்டரை ஏக்கரை 256ஆல் பெருக்கிப் பாருங்கள்: 640 ஏக்கர், ஒரு சதுர மைல். நீளத்துக்கு ஒரு முறை பெருக்கினால் பரப்புக்கு இரு முறை பெருக்க வேண்டும்.

இந்தியாவில் 1956இல் எடையளவுத் தரச் சட்டம் வந்தது. அணா போய் நயா பைசா வந்ததுபோல, மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. இந்திய நில அளவைத் துறையும் 1:63,360ஐ விட்டு 1:50,000க்கு மாறியது. 1:2,53,440 என்ற கால் அங்குலப் படம் 1:2,50,000 ஆயிற்று. தாள்கள் அடக்கும் நிலப்பகுதி பழையபடியே இருந்தது. 15 கலை அகலம், 15 கலை உயரம். ஆகவே தாளில் படம் 1.2672 மடங்கு பெரிதாயிற்று. உங்களிடம் பழைய படமும் புதிய படமும் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். பழையதில் 3 அங்குலம் இடைவெளியுள்ள இரு ஊர்கள் புதியதில் 3.8 அங்குலம், அதாவது 9.66 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். 3 மைல் என்பது 4.83 கிலோமீட்டர், புதிய படத்தில் கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர், கணக்கு ஒத்துப்போகிறது அல்லவா?

கிராமத்தில் இந்த மாற்றம் இன்னும் நுட்பமான தொல்லையைத் தரும். 1:3,960 என்ற பழைய கிராமப் படத்தையும் 1:2,000 அளவையில் உள்ள ஒரு புலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், “இது அதைப்போல் இரு மடங்கு” என்று சொல்லிவிடுவார். சரியான ஈவு 1.98. வேறுபாடு நூற்றுக்கு ஒன்று. இதில் என்ன வந்துவிடப் போகிறது? 330 அடி வரப்பில் 3 அடி 4 அங்குலம் வந்துவிடும். பரப்பில் பிழை நூற்றுக்கு இரண்டு. ஏக்கருக்கு 2 சென்ட். 2 சென்ட் நிலத்துக்காக நம் ஊர்களில் வெட்டுக்குத்து நடந்ததில்லை என்று யாராவது சொன்னால் அவர் நகரத்தில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பங்காளிகளிடம் திரும்பிப் போவோம். அந்தக் கிராமப் படத்தின் அடியில், சங்கிலிகள் குறித்த அளவைக் கோடு ஒன்று இருந்தது. நான் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, இளையவரின் நகலில் வரப்பின் இரு முனைகளையும் அதில் குறித்தேன். பிறகு அந்தத் துண்டை அதே நகலின் அளவைக் கோட்டின்மேல் வைத்தேன். 5 சங்கிலி. மூத்தவரின் படத்திலும் அப்படியே செய்தேன். அங்கும் 5 சங்கிலி. படம் பெரிதானபோது கோடும் கூடவே பெரிதாகிவிட்டதல்லவா? எழுத்து பொய் சொன்ன இடத்தில் கோடு பொய் சொல்லவில்லை. பழைய தாள் ஈரத்தில் விரிந்தாலும் வெயிலில் சுருங்கினாலும் இதே கதைதான்.

இளையவர் அந்தத் துண்டுக் காகிதத்தை வாங்கி, தாமே இரண்டு முறை வைத்து வைத்துப் பார்த்தார். 136 அடியைப் பற்றி அதன்பின் பேசவில்லை. “நீளம் சரி. வரப்பு நகர்ந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்” என்றார். அதைப் படம் சொல்லாது. சர்வேயர் வந்தார். வேலிக்காத்தான் புதருக்குள், அரை அடி மண்ணுக்குக் கீழே, எல்லைக்கல் கிடைத்தது.